காய்த்துக் கிடந்த மிளகுக் கொடியை வெட்டிய நாள்

சென்ற கார்த்திகையில் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்கத்தான் மதுரையிலிருந்து கிளம்பினேன். மிளகு என் திட்டத்திலேயே இல்லை. என்னோடு படித்த தோழியின் அக்கா மலர், ஆலங்குடிப் பக்கம் மிளகு போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது நம்பவில்லை. முந்திரியும் கடலையும் விளைகிற செம்மண்ணில், அந்த வெயிலில் மிளகா? மலைப் பயிர் என்றல்லவா பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்! மொட்டை மாடியில் வளர்க்க ஒரு கொடித்துண்டு கேட்டு வாங்கும் ஆசையும் இருந்ததால், ஈரச் சாக்கு ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு ஓவியங்களைப் பார்த்த மறுநாள் ஆலங்குடிக்குக் கிளம்பிவிட்டேன்.

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி சுமார் இருபது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். "மழை நேரத்துல அந்தக்கா யாரையும் உள்ள விடமாட்டாங்களே, சொல்லிட்டுத்தான் வாரீங்களா?" என்று ஓட்டுநர் கேட்டார். அவர் சொன்னது சரிதான். வாசலிலேயே மலரக்கா என்னை நிறுத்திவிட்டார். கிருமியைக் கொல்லும் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர் ஒரு அகலத் தொட்டியில் இருந்தது.

"செருப்போட இதுல நல்லா மிதிச்சிட்டு வாம்மா. வேரழுகல் வந்திருக்கு. ஈர மண்ணு கால்ல ஒட்டுனா அதுவும் கூடவே வந்துரும்."

கோயிலுக்குக்கூட நான் இத்தனை பக்தியாகக் கால் கழுவியதில்லை.

உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தேன். தென்னைகளுக்கு நடுவே நின்ற மரங்களில் ஒன்றில்கூடத் தண்டு தெரியவில்லை. அடி முதல் உச்சி வரை கரும்பச்சை இலைகள், அவற்றுக்குள்ளே சரம் சரமாகக் காய்கள். வெளியே ரோட்டில் வெயில் காய்ந்துகொண்டிருக்க, இங்கே குளிர்ந்து கிடந்தது. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

மேற்கு ஓரத்து வரிசை மட்டும் மொட்டையாக நின்றது. போன மழைக்கு அக்கா கடலைக்குச் செய்வதுபோலவே மிளகுக்கும் அடித்தூரைக் கொத்தி மண் அணைத்திருக்கிறார். இந்த ஊரில் கொத்தி அணைக்காத பயிரைச் சோம்பேறி வெள்ளாமை என்பார்களாம். மிளகின் வேரோ மேலாகவே ஓடுவது. களைக்கொத்து பட்ட காயத்தில், தேங்கிய தண்ணீரில் நீந்தி வந்த பூஞ்சை புகுந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று நீந்தி வந்து வேரைத் தேடிப் பிடிக்கிறது என்று கேட்டதும் எனக்குச் சிலிர்த்தது, பயமாகவும் இருந்தது.

அடுத்த வரிசை முனையில் நின்றது அக்கா முதன்முதலில் நட்ட கொடி. அதில் நாலைந்து இலைகள் மஞ்சளாகியிருந்தன. மழைத் தண்ணீர் அங்கிருந்துதான் பள்ளத்துக்கு ஓடும் என்பதால், அதற்கும் நோய் வந்தால் கீழே இருக்கும் மொத்தத் தோட்டத்துக்கும் ஆபத்து. அக்கா உட்கார்ந்து விரலாலேயே மண்ணை விலக்கினார். தூர் கறுத்து, தொட்டதும் தோல் உரிந்து வந்தது. நாற்றம். நிமிர்ந்து பார்த்தேன். மேலே சரங்கள் எதுவுமே தெரியாததுபோலத் தொங்கிக்கொண்டிருந்தன.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கணவரை வீடியோ காலில் அழைத்துக் காட்டினார்.

"இம்புட்டு காய் இருக்கே மலரு. தையில பறிச்சிட்டு வெட்டிக்கலாமே?"

"தை வரைக்கும் மழை சும்மா இருக்குமாங்க? ஒண்ண வச்சுக்கிட்டு எல்லாத்தையும் விடச் சொல்றீங்களா?"

"சரி, வெட்டிரு" என்றார் அவர்.

அக்கா கொடியைத் தூரோடு வெட்டிச் சாக்கில் கட்டி, மேட்டுக்குக் கொண்டுபோய், காய்ந்த தென்னை மட்டைகளின் மேல் போட்டுக் கொளுத்தினார். பச்சை மிளகு வெடித்து ஊரே தும்மும் நெடி. அவர் அழுதாரா, புகையா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அழுகைதான். திரும்பி வந்து அடுத்த கொடியின் தூரை விலக்கினார். நுனி வேர்கள் பளீரென்று வெள்ளையாக இருந்தன. "பொழச்சுச்சு" என்று அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: மாசி, பங்குனியில் போங்கள், மழையில் வேண்டாம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொடித்துண்டு கேட்காதீர்கள். என் சாக்கு நான் எடுக்காமலே பையில் காய்ந்துபோனது.

கிளம்பும்போது அக்கா மறுபடி அந்தத் தொட்டியைக் காட்டினார். "போறப்பவுமா?" என்றேன்.

"போறப்பத்தாம்மா முக்கியம். வழி நெடுக அடுத்தவுக தோட்டம் இருக்குல்ல."