எங்கள் மேசைக்கு நீ வேண்டாம்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். ஒரு மேசைக்கு நான்கு பெண்கள். மடித்த கட்டுகளுக்குத்தான் கூலி, அதுவும் நான்கு பேருக்கும் சமமாகப் பிரியும். ஒருத்தி கை ஓய்ந்தால் நான்கு வீட்டிலும் குறையும். முதலாளிக்கு மட்டும் எதுவும் குறையாது.

நாற்பதை நெருங்கும்போது எனக்கு ஆஸ்துமா வந்தது. அதுவரை சளிகூட அதிகம் பிடிக்காத உடம்பு. துணியை உதறி விரித்ததும் பஞ்சுத்தூசி எழும்பும், நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். இன்ஹேலரை உறிஞ்சிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வேன். அதற்கும் அடங்காத நாளில் ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கூட வருவார். அன்றைக்கு அவர் வருமானமும் போகும்.

என் எதிரே நின்று மடித்தவள் சேத்தூர்க்காரி. ஒரு சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு கேட்டாள்.

"ஏட்டி, நீ வெளிய உக்காந்து காத்து வாங்குததுக்கு நாங்க எம்புட்டு நாள் தெண்டம் அழ?"

"காத்து கெடைக்காமத்தான் உக்காந்திருக்கேன்."

"என்னமோ போ. எங்க மேசைக்கு நீ வேண்டாம்."

மற்ற இரண்டு பேரும் நிமிரவே இல்லை, துணியை நீவிக்கொண்டே இருந்தார்கள். அவள் பேச்சைவிட அதுதான் எனக்கு எரிந்தது.

சூப்பர்வைசரிடம் போனேன். சுவரில் தூசி அப்பிக் கிடந்த எக்ஸாஸ்ட் ஃபேனைக் காட்டினேன். "அதை ஓட வைங்க. நான் உக்காராம வேலை பாக்கேன்."

"ஒருத்திக்காக ஃபேனை ஓட்டவா? சேரலைன்னா வீட்ல இரு."

என் இடத்தில் சோழபுரத்துப் பெண் ஒருத்தியை நிறுத்தினார். எனக்கு வேஸ்ட் பஞ்சைக் கூட்டி அள்ளும் வேலை. தூசி ஒத்துக்காதவளுக்குத் தூசி அள்ளுகிற வேலை! அந்த வாரமே கூட்டுகிற இடத்தில் விழுந்தேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கம்பெனியிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நானும் அந்தப் படி ஏறவில்லை.

மகள் காலேஜை நிறுத்திவிட்டு மில்லுக்குப் போவதாகச் சொன்னாள். "மில்லுக்கு மட்டும் போகாத!" என்று கத்தினேன், கத்தியதில் மூச்சு இழுத்துக்கொண்டது. அவள் காலேஜை நிறுத்தத்தான் செய்தாள். செல்போன் கடையில் நிற்கிறாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் பில் போடுகிறேன். கம்பெனியில் வாங்கியதில் பாதிதான் சம்பளம். மருந்து விலை மட்டும் பாதியாகவில்லை.

போன மாதம் பஸ்ஸில் அந்தச் சேத்தூர்க்காரி ஏறினாள். என் பக்கத்து சீட் மட்டும்தான் காலி. என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"செத்த தள்ளி உக்காரு. ஒடம்பு இப்பம் எப்படி இருக்கு?"

பையைத் தூக்கி அந்த சீட்டில் வைத்தேன்.

"ஆள் வருது," என்றேன்.

யாரும் வரவில்லை. அவள் இறங்கும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தேன்.