திருத்தம் ஏதாவது உண்டா?

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் தொழிற்சங்கக் கிளை மாதம் ஒரு முறை கூடும். கூடியதும் செயலாளர் எழுந்து, போன மாதம் யார் என்ன பேசினார்கள் என்று நோட்டைப் பார்த்து வாசிப்பாள். வாசித்து முடித்து, "திருத்தம் ஏதாவது உண்டா?" என்று கேட்பாள். ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு, "திருத்தம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருவாள். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் நடந்தது. பதில் வரும் என்ற நம்பிக்கை கேட்டவளுக்கும் இல்லை. பதில் சொல்லலாம் என்ற நினைப்பு மற்றவர்களுக்கும் இல்லை.

அவளை நோட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கக்கத்தில் நீள நோட்டு இல்லாமல் அவளைப் பார்த்தவர் கிடையாது. கையெழுத்து மணிமணியாக இருக்கும், அதுவே அவளுக்கு வினையாகப் போயிற்று. கிளைக்கு நான்கு தலைவர்கள் வந்தார்கள், நான்கு பேரும் ஆண்கள். செயலாளர் மட்டும் மாறவே இல்லை. இப்போதைய தலைவர் பாய்லர் அண்ணன், நீராவிக் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர். நல்ல மனுஷன்தான், யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் பெண்கள் யாராவது கூட்டத்தில் பேச எழுந்தால் அவருக்கு உடனே கடிகாரம் ஞாபகத்துக்கு வந்துவிடும்.

நோட்டக்காவின் வேலை பிரிப்பு அறையில். காலை ஆறு மணிக்கெல்லாம் வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டைகள் தள்ளுவண்டியில் வந்து இறங்கும். படுக்கை விரிப்பு ஒரு பக்கம், நோயாளி அங்கி ஒரு பக்கம், அறுவை சிகிச்சைத் துணி ஒரு பக்கம் என்று கையால் பிரிக்க வேண்டும். ரத்தம், வாந்தி, மருந்து எல்லாம் இருக்கும். மூக்குக் கண்ணாடி வரும், ஒரு தடவை யாருடைய பல்செட்டோ வந்தது. இஸ்திரிப் பகுதிப் பெண்கள் அதை வைத்து மூன்று நாள் சிரித்தார்கள். ஊசியும் வரும். அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

அவள் பாதைக்காரர் வீட்டுப் பெண். ரயில் பாதை போட என்று அவள் தாத்தா காலத்தில் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஜனங்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாதை போட்டு முடிந்தது, வந்தவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள், மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் அவர்களுடைய கறுத்த தோலைப் பார்த்ததும் "நீங்க எந்த ஊரு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிக்னல் வேலை பார்த்த அவளுடைய அப்பா, "பக்கத்துத் தெரு" என்று பதில் சொல்வார். கேட்டவர்கள் சிரிப்பார்கள், அவர் சிரிக்க மாட்டார்.

அந்த வருஷம் நாட்டின் தலைவர் உடல்நலக் குறைவால் பதவி விலகினார். ஆளும் கட்சியின் மாநாடு யாரைத் தேர்ந்தெடுக்கிறதோ அவர்தான் அடுத்த தலைவர். மாநாட்டில் சங்கக் கிளை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டு உண்டு. கிளையின் பிரதிநிதி எல்லோருக்கும் கேட்கும்படி எழுந்து நின்று பெயரைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் போட்டியாளர்களிடம் ஒரு கேள்வியும் கேட்கலாம். போட்டியில் இரண்டே பேர். ஒருவர் வக்கீல், பாதைக்காரர்களிலிருந்து அந்த உயரத்துக்கு வந்த முதல் ஆள். மற்றவர் டீச்சர், பெரும்பான்மை ஜனங்களைச் சேர்ந்தவர், அந்த உயரத்துக்கு வந்த முதல் பெண்.

இம்முறை புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். போன முறை ஆண் பிரதிநிதியை அனுப்பிய கிளை இப்போது பெண்ணைத்தான் அனுப்ப வேண்டும். கடிதத்தைப் பிரித்துப் படித்தவள் நோட்டக்காதான். படித்துவிட்டு மடித்தாள், மறுபடி பிரித்துப் படித்தாள். போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் வந்த ஆசை. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

சொல்லவே தேவையிருக்கவில்லை. மறுநாளே எல்லோருக்கும் அவள் வேண்டியவளாகிவிட்டாள். இஸ்திரிப் பகுதிக்குத் தலைமையாக இருந்த இஸ்திரியம்மா, ஒரு நாளும் இல்லாத திருநாளாக, பிரிப்பு அறைக்குத் தானே டீ கொண்டுவந்தாள்.

"அக்கா, உங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்களும் பொம்பளைதானே. எத்தனை காலம் இவங்களுக்குக் கீழயே கிடக்கிறது. டீச்சர் பேரைச் சொல்லிட்டு வாங்க."

மத்தியானம் பாய்லர் அண்ணன் வந்தார். அவரும் பாதைக்காரர்தான்.

"நீயே போயிட்டு வாம்மா. உன்னை விட்டா யாரு இருக்கா? வக்கீல் பேரைச் சொல்லிட்டு வந்துடு, அவ்வளவுதான்."

"கேள்வி ஒண்ணு கேக்கலாம்னு போட்டிருக்குண்ணே."

"கேள்வியெல்லாம் எதுக்கும்மா. நம்ம ஆளுகிட்ட நாமளே கேள்வி கேட்டா நல்லாவா இருக்கும்?"

வீட்டிலும் அதே பேச்சுதான். அவளுடைய தம்பி சலவைக்கூடத்து வண்டியை ஓட்டுபவன், அவள் வீட்டு மாடியில்தான் குடியிருந்தான். சாயங்காலம் இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "அக்கா, அப்பா சாகுற வரைக்கும் எந்த ஊருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நம்ம ஆளு ஒருத்தர் அந்த நாற்காலியில உக்காந்துட்டா இனிமே அப்படிக் கேப்பாங்களா? நீ இதுல யோசிக்கிறதே எனக்குக் கஷ்டமா இருக்கு."

தம்பி சொன்னது நியாயம். இஸ்திரியம்மா சொன்னதும் நியாயம்தான். இரண்டு நியாயமும் சேர்ந்து அவளைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. நடுவில் இருந்தவளுக்கு என்ன தோன்றுகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

அவளுக்குத் தோன்றியது ஒரு பழைய கூட்டம். ஆறு வருஷத்துக்கு முன்னால், பிரிப்பு அறையில் அவள் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு விரிப்பில் சுருண்டிருந்த ஊசி குத்திவிட்டது. கிருமி ஏறி ஈரல் கெட்டு எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். பிழைத்து வந்து, இப்போது துணி மடிக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகு பேச்சே குறைந்துவிட்டதால் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் பாதைக்காரி அல்ல. அந்தச் சமயம் கிளைக் கூட்டத்துக்கு வக்கீலும் வந்தார், டீச்சரும் வந்தார், ஒரே மேடையில் பேசினார்கள். நோட்டக்கா பழைய நோட்டை எடுத்து அந்தப் பக்கங்களைத் தேடினாள்.

அவளுடைய மணிமணியான எழுத்தில் எல்லாம் இருந்தது. அழுக்கு வேலையை எப்போதும் பாதைக்காரர் தலையிலேயே கட்டுகிறார்கள் என்று வக்கீல் பேசியது ஒன்றரைப் பக்கம். பெண்களின் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை என்று டீச்சர் பேசியது ஒன்றே முக்கால் பக்கம். இரண்டும் நல்ல பேச்சு, இரண்டும் உண்மை. ஆனால் பேச்சு முடிந்ததும் அவள் எழுந்து, "தடிமனான கையுறை எப்ப வரும்?" என்று கேட்டிருந்தாள். "அதை அப்புறம் பாப்போம், நீ எழுது" என்று பாய்லர் அண்ணன் சொன்னார். அவளும் உட்கார்ந்து எழுதினாள். அவள் கேட்டது நோட்டில் இல்லை. அவள்தான் விட்டுவிட்டிருந்தாள்.

ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினாள். அவள் எழுந்து பேசிய கூட்டங்கள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன, ஏழெட்டாவது இருக்கும். ஒன்றுகூட நோட்டில் இல்லை. எழுதுகிறவள் தன்னைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்காது என்று அவளே நினைத்திருக்கிறாள். யார் மேலும் பழி போட முடியவில்லை, அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. கையுறை வந்தது உண்மை. பூரிக்கு மாவு தேய்த்தால்கூடக் கிழிந்துவிடும், அவ்வளவு மெல்லிசு.

பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு நாற்பத்தொரு பேரில் முப்பத்தெட்டு பேர் வந்துவிட்டார்கள். இயந்திரங்களை நிறுத்திவிட்டு, மடிப்பு மேசைகளைச் சுற்றி நின்றார்கள். பாய்லர் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நோட்டக்கா போகட்டும்னு எல்லாருக்கும் எண்ணம். அவங்க யாருக்குப் போடணும்கிறதை இப்பவே முடிவு பண்ணிடுவோம். நீ எழுதும்மா."

நோட்டக்கா நோட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்து, பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"இன்னிக்கு நீங்க எழுதுங்கண்ணே. நான் பேசணும்."

அவர் பேனாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள்.

"வக்கீல் நம்ம ஆளு, அவருக்குப் போடுன்னு ஒரு பக்கம் சொல்றீங்க. டீச்சர் பொம்பளை, அவங்களுக்குப் போடுன்னு ஒரு பக்கம் சொல்றீங்க. நான் பாதைக்காரி, நான் பொம்பளை. ரெண்டும் நான்தான். என்னைப் பாதியா வெட்டி ஆளுக்குக் கொஞ்சம் குடுக்க முடியாது. ஊசி குத்துனப்ப அது யாரு கை, என்ன நிறம்னு பாத்தா குத்துச்சு? நான் போனா ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்வி கேப்பேன். தடிமனான கையுறை எப்ப வரும்னு கேப்பேன். யாரு நேரா பதில் சொல்றாங்களோ அவங்க பேரைச் சொல்வேன். இது சரின்னு பட்டா என்னை அனுப்புங்க. இல்லைன்னா வேற ஆளைப் பாருங்க."

யாரும் கைதட்டவில்லை. இஸ்திரியம்மா, "இது என்ன ரெண்டுங்கெட்டான் பேச்சு" என்று முணுமுணுத்தாள். பாய்லர் அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, மடிப்பு மேசையில் வேலை பார்க்கும் தன் அண்ணன் மகள் பெயரை முன்மொழிந்தார். அந்தப் பெண், வக்கீல் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். கைதூக்கச் சொன்னார்கள். அவளுக்கு இருபத்தேழு கை, நோட்டக்காவுக்கு ஒன்பது. தம்பி யாருக்கும் தூக்கவில்லை. இன்னொரு தூக்காத கை நோட்டக்காவுடையது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், மற்றவர்கள் கையை எண்ணிக்கொண்டிருந்ததில் தன் கையைத் தூக்க மறந்துபோனாள். வீட்டுக்குப் போகும் வழியில்தான் அது ஞாபகம் வந்தது. நடுத்தெரு என்றும் பாராமல் அழுதாள்.

பத்து நாள் கழித்து மாநாடு நடந்தது. எல்லோரும் கேன்டீன் தொலைக்காட்சி முன்னால் நின்று பார்த்தார்கள். வக்கீல் ஜெயித்தார். பாதைக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். தம்பி சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். நோட்டக்காவுக்கும் அப்பா முகம் கண்ணுக்குள் வந்தது, பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. அந்தச் சந்தோஷம் பொய் இல்லை. அதே நேரம் இஸ்திரிப் பகுதிப் பெண்கள் சத்தமில்லாமல் வெளியே போனதையும் பார்த்தாள். "எவனா இருந்தாலும் ஆம்பளைன்னா போதும் இவங்களுக்கு" என்று இஸ்திரியம்மா போகிற போக்கில் சொன்னாள். அதுவும் நோட்டக்காவின் நெஞ்சில்தான் வந்து தைத்தது. அந்த வாரம் மூட்டைகளில் இரண்டு ஊசி வந்தது.

அடுத்த மாதக் கூட்டம் வந்தது. நோட்டு அவள் கைக்குத் திரும்பியிருந்தது. பாய்லர் அண்ணன் எழுதிய பக்கத்தை அவள் அப்போதுதான் திறந்தாள். கோணல்மாணலான எழுத்தில் நாலே வரி. இருபத்தேழு, ஒன்பது என்ற எண்கள் சரியாக இருந்தன. அதற்கு மேலே, "நோட்டக்கா பேசினார். பிறகு வாக்கெடுப்பு நடந்தது" என்று இருந்தது. என்ன பேசினாள் என்பது இல்லை.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தானே தனக்குச் செய்துகொண்டதைத்தான் அவரும் செய்திருக்கிறார். நாலு வரியையும் வாசித்தாள். வழக்கம்போலக் கேட்டாள்.

"திருத்தம் ஏதாவது உண்டா?"

ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாள். பேனாவை எடுத்துக் குனிந்தாள்.

"இருக்கு."

மடிப்பு மேசைப் பக்கமிருந்து வந்த குரல் யாருடையது என்று பலருக்கு உடனே பிடிபடவில்லை. ஊமைக்கோட்டான் எழுந்து நின்றாள்.

"அக்கா பேசினாங்கன்னு மட்டும் எழுதியிருக்கு. என்ன பேசினாங்கன்னு எழுதலை. ஊசி குத்துனப்ப அது யாரு கை, என்ன நிறம்னு பாத்தா குத்துச்சுன்னு கேட்டாங்க. அது என் கை. அதை எழுதணும்."

பிறகு இஸ்திரியம்மா, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள்: "ரெண்டும் நான்தான்னு அதுக்கு முன்னாடி சொன்னாங்க. அதையும் சேக்கணும்."

வாசலோரம் நின்ற தம்பி தலையைத் தூக்கினான். "கையுறை எப்ப வரும்னு கேட்டா அக்கா. அதுக்கு இன்னும் பதில் வரலை. பதில் வரலைங்கிறதையும் எழுதுங்க."

பாய்லர் அண்ணன் நெற்றியைத் துடைத்தார். "சரி சரி. எழுதிக்க வேண்டியதுதான். நோட்டக்கா, நீ எழுது."

"அவங்க எதுக்கு எழுதணும்?" என்றாள் ஊமைக்கோட்டான். "நீங்க விட்டது. நீங்களே எழுதுங்க."

நோட்டக்கா நோட்டை மேசையில் அவர் பக்கமாக நகர்த்தினாள். அவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். பேனா மூடியைக் கழற்ற அவருக்கு இரண்டு தடவை தவறியது. தாளில் பேனாவை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"மறுபடி முதல்லேருந்து சொல்லும்மா. கொஞ்சம் மெதுவா சொல்லு, எனக்கு உன்னை மாதிரி வேகமா எழுத வராது."

நோட்டக்கா நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.