முன்னால் ஒற்றைச் சக்கரம்

சேனாதிபதி தகர வேலை இப்ராம்சாவுக்கு இருநூற்றுப் பத்து ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. ஐம்பத்தேழில் வாங்கியது. சீட்டு இல்லை, சாட்சி இல்லை, வட்டியும் இல்லை.

கொடைக்கானல் பஜாரில் சொந்தமாக ஒரு கடை பிடிக்க இப்ராம்சா சேர்த்து வைத்திருந்த பணம் அது. அந்தப் பணத்தில்தான் யுத்த காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்று திண்டுக்கல் பழைய இரும்புக் கடையிலிருந்து துண்டு துண்டாக மலையேறி வந்தது. மூன்று சக்கரத்தில் ஒரு கார் செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. வாடகைக்கு விட அல்ல, விற்க அல்ல. ஏரியைச் சுற்றி நாலு பேர் பார்க்க ஓட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சேனாதிபதி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பழனியிலிருந்து பதிமூன்று வயதில் லாரி கிளீனராக மேலே வந்து, யார் கையையும் எதிர்பார்க்காமல் மெக்கானிக் ஆனவர். தெருமுனையில் வண்டி வரும்போதே சத்தத்தை வைத்து எந்த வால்வு சரியில்லை என்று சொல்லிவிடுவார். படித்த என்ஜினீயர் அரை நாள் பிரித்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொல்வார். அந்த மலையில் அவருக்கு ஈடாக இன்னொருத்தரைக் காட்டியிருக்க முடியாது. ‘தெரியாது’ என்ற ஒரு சொல் மட்டும் அவர் வாயில் வராது.

இப்ராம்சா பூவாளி, அடுப்பு, வாளி செய்கிறவர். காருக்குக் கூடு அடித்தது அவர்தான். சக்கரம் மாட்டும் நாளில் கேட்டார்:

“மாப்ள, முன்னால ரெண்டு, பின்னால ஒண்ணு வையி. இறக்கத்துல பாரம் பூரா முன்னாலதான வந்து விழும். ஒத்தச் சக்கரம் எப்படி நிக்கும்?”

“பூவாளிக்கு மூக்கு வைக்கிற சோலியா மாமா இது? நீங்க தகரத்தப் பாருங்க.”

“பூவாளி கவுந்தா தண்ணிதான் போகும்.”

“கவுறாது. நான் சொல்றேன்ல.”

விஷயம் வேறு. முன்னால் இரண்டு சக்கரம் வைத்தால் இரண்டையும் ஒன்றாகத் திருப்ப ஒரு இணைப்புக் கம்பி வேண்டும். லாரியில் அதைக் கழற்றி மாட்டுவது சேனாதிபதிக்குத் தண்ணீர் பட்ட பாடு. புதிதாக அளவெடுத்துச் செய்யத் தெரியாது. ஒற்றைச் சக்கரம் என்றால் மோட்டார் சைக்கிள் கைப்பிடியே போதும். இதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளோட்டம் எல்லாம் ஏற்றத்தில்தான் நடந்தது. அப்சர்வேட்டரி மேட்டுக்குக் கார் சிங்கம் மாதிரி ஏறியது. ஏறும்போது பாரம் பின் சக்கரங்களில் இருந்ததால் ஆடவே இல்லை. இறங்கும்போது பிரேக் கட்டை தேய்ந்துவிடும் என்று இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருட்டிக்கொண்டே வந்துவிடுவார்கள். நாலாம் நாள் பஜாரே திரண்டு நின்றது. அன்றைக்குப் போய் வண்டியை உருட்டிக்கொண்டு வர முடியுமா? ஓட்டிக்கொண்டே இறங்கினார்கள். மூன்றாவது வளைவில் கார் வெளிப்பக்கமாகக் குப்புறக் கவிழ்ந்தது. சேனாதிபதிக்கு முழங்கை சிராய்ப்பு. இப்ராம்சாவின் வலது கை தகரத்துக்கும் பாறைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது.

கட்டுப் பிரித்தபோது விரல்கள் மடங்கியே இருந்தன. அந்தக் கையால் இனிக் கத்தரி பிடித்துத் தகரம் வெட்ட முடியாது.

என்ன ஆச்சு என்று ஊர் கேட்டது. சேனாதிபதி சொன்னார்: “வளைவுல உள்பக்கம் சாயச் சொன்னேன். பயந்து வெளிப்பக்கம் சாஞ்சுட்டாரு.”

அது பஜாரில் நிலைத்துவிட்டது. டீக்கடை நாச்சிமுத்து, இப்ராம்சா வரும்போதெல்லாம், “சாயபு, கிளாசையாவது சாயாமப் பிடிப்பீங்களா?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். இப்ராம்சா இடது கையால் கிளாசை வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்பார். அவர் மனைவி ரஹ்மத் பீவி இடியாப்பம் அவித்து விற்றுக் குடும்பத்தை ஓட்டினார்.

இரண்டு வருஷத்தில் சேனாதிபதி தனி ஒர்க்‌ஷாப் போட்டார். முதல் வேலையாகப் பணத்தை எடுத்துக்கொண்டு இப்ராம்சா வீட்டுக்குப் போனார். ரஹ்மத் பீவி கதவை முழுக்கத் திறக்கவில்லை.

“பணம் வேணாம்னு சொல்லலைங்க. அவரு மேல போட்ட பழிய எடுத்துட்டு, அப்புறமா கொண்டாந்து கொடுக்கச் சொன்னாரு.”

“என்ன பழி?”

“உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அவருக்குத் தெரியும். மறுபடி இரண்டு தடவை போனார், அதே கதவு, அதே பதில். ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொன்னால் மலையில் எவன் தன்னிடம் வண்டி விடுவான் என்று நினைத்தார். பூம்பாறைப் பூண்டு லாரிகள் ரிப்பேருக்கு வரிசையில் நிற்க, அவர் பழைய இரும்பை வளைத்து வளைத்து இணைப்புக் கம்பி செய்து பார்த்தார். ஏழு கம்பிகள் வீணாயின. எட்டாவது சரியாக வந்தது. அறுபத்திரண்டில், முன்னால் இரண்டு சக்கரத்தோடு புதுக் கார் அப்சர்வேட்டரி மேட்டிலிருந்து இறங்கி, எல்லா வளைவையும் ஆடாமல் கடந்து வந்து டீக்கடை முன்னால் நின்றது.

நாச்சிமுத்து வெளியே வந்து பார்த்தார். “அடேயப்பா, அசையாம நிக்குதே. சாயபு அன்னைக்கு ஒழுங்கா உக்காந்திருந்தா அந்தக் காரும் இப்படித்தான வந்திருக்கும், என்ன மெக்கானிக்கு?”

இப்ராம்சா ஓரத்தில் கிளாசோடு நின்றிருந்தார். நிமிரவில்லை.

‘ஆமா’ என்று தலையாட்டினால் போதும். சேனாதிபதியின் தலை பாதி ஆடியும் விட்டது. அப்புறம் நின்றது.

“இல்லண்ணே. அவரு ஒழுங்காத்தான் உக்காந்திருந்தாரு. முன்னால ரெண்டு சக்கரம் வைன்னு அப்பவே சொன்னாரு. ரெண்டையும் ஒண்ணா திருப்புற கம்பி செய்ய எனக்குத் தெரியல. தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஒண்ண வச்சேன். பழிய அவரு மேல போட்டேன்.”

நாச்சிமுத்து இப்ராம்சாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

“இத்தன வருஷமா?” என்றார் நாச்சிமுத்து.

“அஞ்சு வருஷம்.”

இப்ராம்சா கிளாசைப் பெஞ்சில் வைத்தார். “கம்பி செய்யத் தெரியலைன்னா அன்னைக்கே என்கிட்டச் சொல்றதுக்கென்ன? ரெண்டு பேருமா உக்காந்து தப்புத் தப்பா செஞ்சு பாத்திருப்போமே.”

சேனாதிபதி மடியிலிருந்து பணத்தை எடுத்தார். பணம் இடது கையில் வாங்குவதில்லை. இப்ராம்சா வலது கையை நீட்டினார். மடங்கிக் கிடந்த விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து, திரும்ப மடங்கிவிடாமல் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். சேனாதிபதி அந்த உள்ளங்கையில் பத்து ரூபாய்த் தாள்களை, ஊர் கேட்க, ஒன்று, இரண்டு என்று எண்ணி வைத்தார், இருபத்தொன்று வரை.