நாங்கள் ஏழையான பெருநாள்

எங்கள் வீடு ஏழையாகிவிட்டதை முதன்முதலில் கண்டுபிடித்தது நான்தான். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் அது தெரிந்திருக்கவில்லை; தெரிந்திருக்க நியாயமும் இல்லை. நோன்பின் கடைசி நாள் பின்னேரம், குசினிக் கதவின் பின்னால் நின்று பனங்கட்டி கட்டிவைத்த ஓலைக் குட்டானை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் வெளியாகிற்று. அப்போது எனக்கு எட்டு வயது. அரை நோன்பு என்று சொல்லிக்கொண்டு முழுச் சாப்பாடு சாப்பிடுகிற வயது.

வாப்பா பள்ளிவாசலிலிருந்து பின்வாசலால் வந்தார். அவர் பின்வாசலால் வருவதே புதினம். கையில் ஒரு பெரிய பனையோலைப் பெட்டி, துணி போட்டு மூடியிருந்தது. அதை உம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பித்ரா அரிசி. எங்கடை அரிசியோடை கலந்துபோடாதை. ஒருத்தருக்கும் மூச்சு விடாதை, என்ன?"

உம்மா "ஓம்" என்று சொல்லி, பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

பித்ரா என்றால் என்னவென்று சோனகத் தெருவில் பால்குடிப் பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நோன்பு முடிந்து பெருநாள் தொழுகை தொடங்குமுன், வசதியுள்ள வீட்டார் தங்கள் வீட்டில் ஆளுக்கு இவ்வளவு என்று அரிசி அளந்து, இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பால்குடிப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அளக்கவேண்டும். எங்களுக்கு ஓதித்தருகிற லெப்பை நோன்பு மாதம் முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தார். யார் கொடுக்கவேண்டும், யார் வாங்கலாம் என்று பிரம்பால் நிலத்தில் தட்டித் தட்டிக் கேட்பார். இல்லாதவன் வாங்கலாம். இருக்கிறவன் வாங்கினால் ஹராம்.

வாப்பா ஹராமான காரியம் செய்கிற ஆள் இல்லை. அவரே பித்ரா அரிசியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்றால், நாங்கள் இல்லாதவர்கள் ஆகிவிட்டோம். லெப்பை கற்றுத்தந்த எதையும் அதற்கு முன்னும் பின்னும் நான் இவ்வளவு ஒழுங்காகப் பயன்படுத்தியதில்லை.

ஒருமுறை தெரிந்துவிட்டால் பார்க்கிற இடமெல்லாம் அதற்குச் சாட்சி கிடைக்கும். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, பனங்கட்டிதான். பிட்டில் அரிசிமாவுக்குப் பதில் பாதி குரக்கன் மா. உம்மாவின் தலையணை உறையில் ஒட்டுப் போட்டிருந்தது. அது யுத்த காலம். பர்மாவுக்குள் யப்பான்காரன் புகுந்து, அங்கிருந்து அரிசி வருவது நின்று, கூப்பனுக்குச் சங்கக்கடையில் அளந்துதருவதைத்தான் யாழ்ப்பாணம் முழுக்கச் சாப்பிட்டது. எல்லா வீட்டிலும் சீனி இல்லை, எல்லா வீட்டிலும் குரக்கன் என்பதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை.

உண்மையில் அந்த யுத்தம் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பலாலிப் பக்கம் பட்டாளம் வந்திறங்கிய நாளிலிருந்து வாப்பாவின் தையல் கடையில் காக்கித் துணி குவிந்து கிடந்தது. கடையில் இடமில்லாமல் பாதி மூட்டை வீட்டுக்கு வந்திருந்தது. சாவகச்சேரிக் கமக்காரர் ஒருவர் தன் வீட்டாருக்குத் தைத்துக் கொடுத்ததற்கு நெல்லாகவே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். பெருநாளைக்கென்று எனக்குப் பூப்போட்ட சீத்தைத் துணியில் ஒரு சட்டைகூட வாப்பா தைத்து வைத்திருந்தார். அந்தச் சட்டையை நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. ஏழையாகிவிட்டபடியால் அதை விற்றுவிடுவார்களே!

எங்கள் குடும்பத்தில் ஒரு கஷ்டம் என்றால் போய் நிற்கிற வாசல் ஒன்றுதான் இருந்தது. அது உம்மா காக்கா என்று கூப்பிடுகிற அவருடைய அண்ணன், என்னுடைய மாமா வீட்டு வாசல். பெரியகடைச் சந்தையில் அரிசி மொத்த வியாபாரம் செய்தவர். உம்மாவின் கலியாணத்தை நடத்தி வைத்ததும், வாப்பாவுக்கு முதல் தையல் மெசினை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் காய்ச்சுகிற கஞ்சியில் ஒரு நாள் மாமாவின் நாள். அன்றைக்குக் கஞ்சியில் இறைச்சி கூடுதலாக விழும் என்று தெருவே சட்டியும் கையுமாக நிற்கும். பித்ராவுக்கு அவர் வீட்டு முற்றத்தில் மூட்டைகளைப் பிரித்துப் போட்டுத்தான் அளப்பார்கள்.

ஆனால் அரிசி வராத ஊரில் அரிசிக்கடைக்கு என்ன வேலை? மாமாவின் கடை அந்த வருடம் பூட்டிக் கிடந்தது. கையிலிருந்தது கரைந்துபோய், கூப்பன் அரிசியை வாங்கவே கஷ்டப்படுகிற நிலைக்கு அந்த வீடு வந்திருந்தது. மாமா மட்டும் எப்போதும்போல வெள்ளைச் சாரமும் சிவப்புத் துருக்கித் தொப்பியுமாகத் தெருவில் நிமிர்ந்து நடந்தார். பிள்ளைகளைப் பள்ளிவாசல் கஞ்சிக்கு அனுப்பமாட்டார். கஞ்சி கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் கஞ்சிக்குச் சட்டி நீட்டக்கூடாதாம்.

உம்மா சமைத்து அனுப்பினால் மட்டும் வாங்கிக்கொள்வார்கள். அதிலும் ஒரு சிக்கல். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் பழக்கம். உம்மா பிட்டு அனுப்பிய கிண்ணத்தில் மாமி இரண்டு முட்டை வைத்து அனுப்புவார். அடுத்தமுறை மீன் ஆணம் போனால் ஒரு தேங்காய் வரும். அந்த வீட்டின் கடைசி முட்டையும் கடைசித் தேங்காயும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது என்று கண்டதும் உம்மா பயந்துபோய் அனுப்புவதையே விட்டுவிட்டார். பிறகு மாமா எங்கள் வீட்டுக்கு வருவதும் நின்றுபோனது. ஒருவருக்கொருவர் கோபம் ஒன்றுமில்லை. வெறும் மானம்தான்.

கட்டிலுக்குக் கீழே கிடந்த அரிசி அந்த மாமா வீட்டுக்கென்று பள்ளிவாசல் பெரியவர்கள் ஒதுக்கியது. நேரே கொண்டுபோனால் மாமா கதவைச் சாத்திவிடுவார் என்று தெரிந்து, எப்படியாவது நாளைத் தொழுகைக்கு முன் சேர்த்துவிடும்படி வாப்பாவிடம் பொறுப்புக் கொடுத்திருந்தார்கள். எப்படிச் சேர்ப்பது என்று தெரியாமல்தான் உம்மா பெருமூச்சு விட்டார். இதெல்லாம் நான் வளர்ந்தபின் கேட்டு அறிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமாவிடம் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான். தெருவின் மற்ற முனைக்கு ஒரே ஓட்டமாக ஓடினேன்.

மாமா விறாந்தையில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். நான் மூச்சு வாங்க நின்றதும் கண்ணைத் திறந்தார்.

"மாமா, நாங்கள் ஏழையாப் போனம்."

"உதை ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. வீட்டை பித்ரா அரிசி வந்திருக்கு. உம்மா வாங்கிக் கட்டிலுக்குக் கீழை ஒளிச்சு வைச்சிருக்கிறா. நான் கண்டனான்."

மாமா என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துத் தலையைத் தடவிக்கொண்டார். "சரி மகள், நீ போ. நான் வாறன்" என்றார். அவ்வளவுதான். எனக்கு நிம்மதியாகிவிட்டது. வருகிற வழியெல்லாம் நொண்டியடித்துக்கொண்டு வந்தேன்.

நோன்பு திறந்து, பிறை கண்ட பிள்ளைகள் தெருவில் கூச்சலிட்டுக்கொண்டிருந்தபோது மாமா எங்கள் வீட்டு முன்வாசலால் உள்ளே வந்தார். எத்தனையோ மாதமாக வராத மனிதர். வாப்பா பதறிப்போய்க் கதிரையை இழுத்துப் போட்டார். மாமா அதில் அமரவில்லை.

"தங்கச்சி, பிள்ளை எல்லாம் சொன்னது. இதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை. தாறவனும் அவன், எடுக்கிறவனும் அவன். நாளைக்கு எங்கடை கூப்பன் அரிசியையும் கொண்டு வாறம். ரெண்டு வீட்டுக்கும் ஒரே பானையிலை போடுவம்" என்றார்.

வாப்பா "மச்சான், அது வந்து…" என்று தொடங்கினார். உம்மா முந்திக்கொண்டார். "ஓம் காக்கா. வலு கஷ்டமாத்தான் கிடக்கு" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குத் தெரிந்து உம்மா வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அது. நோன்பு திறக்கும்வரை பொறுத்திருந்து சொன்னார் என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

மாமா போனதும் உம்மா என் காதைப் பிடித்துத் திருகினார். திருகிய கையாலேயே என்னை இழுத்து அணைத்துக் கன்னம் நோக முத்தமிட்டார். அடியா அணைப்பா என்று விளங்காமல் நான் விழித்தேன். வாப்பா சுவரில் சாய்ந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "இனி என்ன செய்யிறது? மகள் சொல்லிப்போட்டா. ஏழையாத்தான் இருக்கவேணும்" என்றார்.

உடனேயே ஏழையாகிற வேலை தொடங்கிவிட்டது. வீட்டிலிருந்த காக்கித் துணி மூட்டைகள் அறைக்குள் போய்ப் பூட்டப்பட்டன. நெல்மூட்டையின் மேல் பழஞ்சாக்குகள் ஏறின. யன்னலுக்குப் பெருநாளைக்கென்று போட்ட புதுத் திரைச்சீலையை உம்மா கழற்றினார். உற்சாகம் மிகுந்துபோன வாப்பா ஒரு கதிரையின் காலைக் கழற்றப் பார்த்தார். கூடிப்போனால் காக்கா நம்பமாட்டார் என்று உம்மா தடுத்துவிட்டார். கடைசியில் உம்மா பெட்டகத்தைத் திறந்து, என் புதுச்சட்டையை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்து மூடினார். "மாமான்ரை பிள்ளையள் பழசோடைதான் வருங்கள். நீயும் பழசைப் போடு."

நாங்கள் ஏழையில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏழை என்று நம்பியிருந்தபோது வந்ததைவிடப் பெரிய துக்கம் இப்போது வந்தது. ஏழைக்குப் புதுச்சட்டை இல்லையென்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இருக்கிற சட்டையைப் போடக்கூடாது என்றால் அது என்ன நீதி? பொய் சொல்கிறவர்களுக்கு மறுமையில் என்னென்ன நடக்கும் என்று லெப்பை சொன்னதை நினைத்து நினைத்துப் படுத்திருந்தேன்.

பெருநாள் காலையில், ஆண்கள் தொழுகைக்குப் புறப்படுமுன்பே, மாமி பிள்ளைகளையும் ஒரு சிறு பையில் கூப்பன் அரிசியையும் கொண்டுவந்து சேர்ந்தார். உம்மா கட்டிலுக்குக் கீழிருந்த பெட்டியை எடுத்துவந்து மாமியின் கையில் வைத்தார். மாமி துணியை விலக்கி அரிசியைப் பார்த்தார். உம்மாவைப் பார்த்தார். பிறகு தன் கையாலேயே அதைக் களைந்து உலையில் போட்டார். பித்ரா சேரவேண்டிய கையில், சேரவேண்டிய நேரத்துக்குள் சேர்ந்துவிட்டது. மார்க்கப்படி பார்த்தால் அந்தப் பெருநாள் விருந்தை வைத்தது மாமி, நாங்கள்தான் விருந்தாளிகள் என்று வாப்பா கடைசிக் காலம்வரை சொல்லிச் சிரிப்பார்.

சகன் என்று நாங்கள் சொல்வது, நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுகிற பெரிய தட்டத்தை. மாமாவும் வாப்பாவும் மாமாவின் மூத்த மகனும் நானும் ஒரு சகனில் இருந்தோம். மாமாவின் சின்னப் பிள்ளைகள் அடுத்த சகனில். நெய்ச்சோறு இல்லை, வெறுஞ்சோறுதான். உம்மா வளர்த்த சேவல் ஆணமாகியிருந்தது. அந்தச் சின்னப் பிள்ளைகள் சாப்பிட்ட சாப்பாடு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. சிரிப்பில்லை, சண்டையில்லை, தலையைத் தூக்காமல் சாப்பிட்டார்கள். மாமா மட்டும் மெதுவாக, தன் பக்கத்துச் சோற்றின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டுப் பிள்ளை புதுச்சட்டை சரசரக்க எங்கள் வாசலைக் கடந்து போனாள். நான் கொக்கி அறுந்த பழஞ்சட்டையில் இருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"நாங்கள் ஏழையில்லை மாமா! எல்லாம் பொய். பழஞ்சாக்குக்குக் கீழை நெல்லு மூட்டை கிடக்கு. என்ரை புதுச்சட்டை பெட்டகத்துக்குள்ளை கிடக்கு!"

வாப்பாவின் கை சகனுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. உம்மா அகப்பையோடு குசினி வாசலில் நின்றார். மாமி தலையைக் குனிந்துகொண்டார். மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தால் பிள்ளைகளும் பாதிச் சோற்றில் எழும்பி அவர் பின்னால் போகவேண்டியதுதான். பிறகு அந்த வீட்டுக்கு ஒரு பிடி அரிசியை யாராலும் அனுப்பமுடியாது. அங்கிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், எனக்குத்தான் தெரியாது.

மாமா நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்தார். ஒரு நல்ல கோழித் துண்டாகத் தேடியெடுத்து என் பக்கம் தள்ளிவைத்தார். அடுத்த சகனில் தன் பிள்ளைகள் சாப்பிடுவதை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, யார் வீட்டிலும் இரண்டாவது முறை சோறு கேட்டறியாத அந்த மனிதர் சொன்னார்:

"தங்கச்சி, இன்னும் கொஞ்சம் சோறு போடு."

உம்மா ஓடிவந்து போட்டார். வாப்பா "போடு, போடு" என்றார். மாமா அத்தனையையும் சாப்பிட்டார். அதற்குப் பிறகு யுத்தம் முடிந்து கடை திறக்கும்வரை இரண்டு வீட்டுக்கும் ஒரே பானைதான். மாமாவுக்கு உண்மை அந்த இடத்தில்தான் தெரிந்ததா, அல்லது முதல் நாள் நான் விறாந்தையில் நின்று சொன்னபோதே தெரிந்துவிட்டதா என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

என்னையும் அன்று ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதட்டக்கூட இல்லை. அந்த வீட்டில் உண்மை சொன்ன ஒரே ஆள் நான், என்னைத்தான் ஒருவரும் நம்பவில்லை என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. மாமா தள்ளிவைத்த கோழித் துண்டைத் தொடாமல் எழுந்து கை கழுவப் போனேன். உம்மா அடுப்படியில் குந்தியிருந்து, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார். ஆண்கள் சாப்பிட்ட பிறகுதானே உம்மாவும் மாமியும் சாப்பிடவேண்டும். மாமாவுக்கு இரண்டாம் முறை போட்டதில் உம்மாவுக்குச் சோறு இல்லாமல் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. திரும்பி ஓடிப்போய் அந்தக் கோழித் துண்டை எடுத்துக்கொண்டு வந்து உம்மாவின் வாயில் வைத்தேன். அதை மென்றுகொண்டே உம்மா இன்னும் கூட அழுதார்.