ஒரு குறையும் வைக்காத கவனிப்பு

அந்தத் திரையரங்கில் படம் ஓடும்போது வாயைத் திறக்காத ஆள் ஒருவர்தான். அதற்கும் அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியிருந்தது. பெற்றவர்கள் யோசித்து வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. ஆனால் டார்ச்சும் கையுமாக இருட்டில் இருக்கை காட்ட வந்த முதல் வாரமே, சத்தம் போடுகிறவர் காதோரம் குனிந்து "உஷ்" என்று அவர் சொன்ன அழகில் உஷ் என்பதே பெயராகிவிட்டது. மாமியார் வீட்டில்கூட அவர் உஷ் மாப்பிள்ளைதான்.

உஷ்ஷுக்கு மூச்சிரைப்பு. வெயில், தூசி, வண்டிப் புகை எதுவும் ஆகாது. "குளுகுளுன்னு, தூசி இல்லாத இடமாப் பாத்து இருந்துக்குங்க" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்படி ஓர் இடம் மருத்துவருக்கே வாய்க்கவில்லை என்பது அவர் தலைக்கு மேலே மின்விசிறி முனகிய முனகலில் தெரிந்தது. உஷ்ஷுக்கு வாய்த்திருந்தது. ஏசி அரங்கத்துக்குள் நுழைந்ததும் நெஞ்சு பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். என்றாவது இருமல் முட்டினால் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடி, அங்கே இருமிவிட்டு வருவார். வியாதிக்காரர் இப்படி வாயை மூடிக்கொண்டிருக்க, நோய்நொடி இல்லாத முந்நூறு பேர் திறந்த வாயை மூடாமல் படம் பார்த்தார்கள். திரையில் ஒரு தாய் உயிரை விடும் நேரத்தில் ஒருவர் போனில் வீட்டு மனைக்கு விலை பேசுவார். இரண்டாம் முறை வந்தவர், கொலைகாரன் யார் என்பதைத் தானம் செய்வதுபோல் முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் பகிர்ந்தளிப்பார்.

நிர்வாகம் சும்மா இருந்ததாகச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். வாசலில் ஒரு புகார்ப் பெட்டி வைத்தது. பூட்டும் போட்டது. சாவியோடு பழைய மேலாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதன் பிறகு விழுந்த புகார்கள், மேலே விழுந்த பாப்கார்ன் பொட்டலங்களின் கதகதப்பில் நிம்மதியாகத் தூங்கின.

புது மேலாளர் படித்தவர். வந்த அன்றே ஊழியர்களை நிற்க வைத்து ஒரு வகுப்பு எடுத்தார்.

"இனிமே யாரும் கூட்டம், ஜனம்னு சொல்லக் கூடாது. அவங்க விருந்தினர். உஷ் அண்ணே, அந்த 'உஷ்'ஷையும் விட்டுருங்க."

"அப்ப எப்படி சார் அடக்கறது?"

"'மதிப்புக்குரிய விருந்தினரே, தங்கள் குரலைச் சற்றுத் தாழ்த்தினால் மகிழ்வோம்'னு பணிவா சொல்லுங்க."

"அதை நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள இடைவேளை விட்டுருவாங்களே சார்."

மற்றவர்கள் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை.

வினை வந்தது ஒரு பகல் காட்சியில். வாரா வாரம் மனைவியோடு வரும் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். மேலாளரும் உஷ்ஷும் வாசலில் நின்றிருந்தார்கள்.

"கடைசி வரிசையில நாலு தடியனுங்க சார். ஒருத்தன் போன்ல கத்துறான், ஒருத்தன் விசிலடிக்கிறான், மீதி ரெண்டு பேரும் என் சீட்டை உதைச்சே பிச்சு எடுத்துட்டானுங்க. ஏதாவது செய்யுங்க."

"கவனிக்கிறேன் சார்" என்றார் மேலாளர். கண்ணாடிக்காரர் நம்பி உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்து மேலாளரின் போன் அடித்தது. ஓரமாகப் போய் முதுகை நிமிர்த்திக்கொண்டு "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார். பேசியது முதலாளியின் மனைவி. தன் தம்பி நண்பர்களோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதாகத் தகவல் சொன்னார். உஷ்ஷின் காதில் இது விழவில்லை. திரும்பி வந்த மேலாளர் அவசரமாகச் சொன்னார்:

"உஷ் அண்ணே, அந்தக் கடைசி வரிசை ஆளுங்களை நல்லா கவனிங்க. ஒரு குறையும் வைக்காதீங்க."

இந்த இடத்தில் நம் மொழியின் வளத்தை வியக்காமல் இருக்க முடியாது. சம்பந்தி வீட்டில் கவனித்தால் இலை நிறையும். அலுவலகத்தில் கவனித்தால் மேசை இழுப்பறை நிறையும். காவல் நிலையத்தில் கவனித்தால் உடம்பு வீங்கும். மேலாளர் சொன்னது முதல் வகை. புகாரைக் காதால் கேட்டு நின்ற உஷ்ஷுக்குப் புரிந்தது மூன்றாம் வகை. இத்தனை வருஷம் பொறுத்ததற்கு நிர்வாகம் ஒருவழியாகக் கண்ணைத் திறந்துவிட்டது என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

டார்ச்சை நால்வர் முகத்திலும் அடித்தார்.

"எந்திரிங்க. நாலு பேரும் வெளியே."

"யோவ் பெரிசு, நான் யார் தெரியுமா?"

"தெரியலை. அதான் டார்ச் அடிச்சுப் பாக்கறேன்."

அரங்கம் கை தட்டியது. திரையில் கதாநாயகன் அப்போது தலைவாரிக்கொண்டிருந்ததால், கைதட்டல் அவனுக்கில்லை. முதலாளியின் மைத்துனர் சட்டைக் காலர் உஷ்ஷின் கையில் இருக்க, கால் பாதி தரையில் பட, தெருவாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். மற்ற மூவரும் பின்னாலேயே போனார்கள். அதன் பிறகு கண்ணாடிக்காரர் மீதிப் படத்தை நிம்மதியாகப் பார்த்தார்.

மறுநாள் மேலாளர் அறையில் முதலாளியே விசாரித்தார்.

"யார் சொல்லி இதைச் செஞ்சே?"

"மேனேஜர் சார்தாங்க நல்லா கவனின்னாரு."

"சொன்னீங்களா?"

"சொன்னேங்க. கவனின்னா கவனிக்கறதுதானே சார்?"

"அதைத்தானேய்யா அவனும் செஞ்சிருக்கான்! சரி, இதுக்கு யார் பொறுப்பு?"

மேலாளர் மார்பில் கை வைத்தார். "முழுப் பொறுப்பும் என்னோடது சார். அதனாலதான் அவர் மேல நடவடிக்கை எடுக்கறேன்."

உஷ்ஷை வண்டி நிறுத்தத்துக்கு மாற்றினார்கள். தகரக் கூரை, மண் தரை, நாளெல்லாம் புகை. மூச்சிரைப்பைப் பற்றி அவர் சொன்னபோது, "காத்தோட்டமா இருக்கும் அண்ணே" என்றார் மேலாளர்.

ஒரே நம்பிக்கை கண்ணாடிக்காரர்தான். அடுத்த வாரம் அவர் ஸ்கூட்டரை நிறுத்த வந்தபோது உஷ் கிட்டே போனார்.

"சார், நீங்க புகார் சொன்னதாலதான் நான் உள்ள போனேன்னு முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, என்னைத் திரும்ப உள்ள சேத்துக்குவாங்க."

"நானா? சத்தமா இருக்குன்னுதான்பா சொன்னேன். ஆளைத் தூக்கிப் போடச் சொன்னேனா? வாரா வாரம் வர்ற இடம், எனக்கெதுக்கு வம்பு?"

"பாவங்க, அந்த மனுஷன்..." என்று வாயெடுத்தார் மனைவி.

"நீ பேசாம வா. டைட்டில் போட்டுருவான்."

வீட்டில் உஷ்ஷின் மனைவி வெந்நீரில் ஆவி பிடிக்க வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த மைத்துனர்கிட்டயே போய் மன்னிப்பு கேட்டா என்னங்க?"

"போனேன்டி."

"என்ன சொன்னாரு?"

"போன்ல பேசிட்டிருந்தாரு. முடிக்கட்டும்னு நின்னேன். முடிக்கவே இல்லை."

வண்டி நிறுத்தத்தில் இருமலை அடக்கத் தேவையில்லாமல் போயிற்று. அடக்கினாலும் அது கேட்கவில்லை. வயிற்றிலிருந்து கிளம்பி, விலா எலும்பையெல்லாம் தட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரை அதை இரண்டு மடங்காக்கி, அரங்கத்தின் பக்கவாட்டுக் கதவுக்குள் அனுப்பியது.

ஒரு பகல் காட்சி நடுவே மேலாளர் வேகமாக வந்தார்.

"அண்ணே, உங்க இருமல் உள்ள வரைக்கும் கேக்குதாம். படம் பாக்க முடியலைன்னு விருந்தினர் ஒருத்தர் புகார் கொடுத்திருக்காரு."

"பெட்டியிலயா சார்?"

"நேர்ல. இப்பதான்."

அந்தத் திரையரங்கில் புகார் கொடுத்த காட்சி முடிவதற்குள் நடவடிக்கை எடுக்கப்பட்டது அதுதான் முதல் முறை.

"தப்பா நினைக்காதீங்க. நாளையிலேருந்து வீட்டுலயே ஓய்வா இருங்க. உடம்பு முக்கியம்."

உஷ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லுக்கு முன் மூச்சு வேண்டுமே, அது வரவில்லை. நிறுத்தியிருந்த வண்டி ஒன்றின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, அது வரும்வரை காத்திருந்தார். மேலாளர் மரியாதையாகச் சிறிது நேரம் நின்று பார்த்தார், பிறகு உள்ளே போய்விட்டார். வண்டியை எடுக்க வந்த விருந்தினர் ஒருவர், இவர் நகர்வார் என்று பார்த்து, நகராததால் ஹாரனை அழுத்தினார்.