கூடத்தின் நடுவில் ஒரு சதுரம்

சுத்தம் செய்த பிறகு ஒரு பொருள் தன் பழைய நிறத்துக்குத் திரும்புகிறதா, இல்லை, யாருக்கும் பழக்கமில்லாத வேறொரு நிறத்துக்குப் போகிறதா? எதிர்வீட்டு ரசீதக்காவின் ஒரு மாதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்த எனக்கு இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. விடை இன்னும் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

பார்சல் அலுவலகத்தின் மூன்றாம் கவுண்ட்டரில் பதினான்கு வருடம் ரசீது போட்டவர் என்பதால் அந்தப் பெயர். தலையை நிமிர்த்தாமல் "அடுத்தவங்க வாங்க" என்று சொல்லிச் சொல்லி, வீட்டில் பரிமாறும்போதும் ஒரு தட்டு நிறைந்ததும் அதையே சொல்கிறார் என்று அவர் கணவர் கேலி செய்வார்.

யாரும் வாங்க வராத பார்சல்களை அந்த அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களுக்கே ஏலம் விடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் ரசீதக்கா எடுத்த பெட்டியில் கம்பளம் கழுவும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஒரு பயணப்பெட்டி அளவு. மேலே நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, கீழே அழுக்குத் தண்ணீருக்கு ஒன்று, நீளமான குழாய், நுனியில் தண்ணீரைப் பீய்ச்சி உடனே உறிஞ்சிக்கொள்ளும் கைப்பிடி. கூடவே இருந்த தாள் யாருக்கும் புரியாத மொழியில் இருந்தது. படங்களை வைத்துத்தான் கற்றுக்கொண்டார். முதல் படத்தில் ஒரு கை, சோபாவுக்குப் பின்னால், சுவரோரமாக ஒரு சின்ன இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. யார் கண்ணிலும் படாத இடத்தை எதற்கு முதலில் கழுவ வேண்டும் என்று அவருக்கு விளங்கவில்லை. படம் போட்டவன் ஏதோ இடத்தை நிரப்பியிருக்கிறான் என்று விட்டுவிட்டார்.

இதையே தொழிலாகச் செய்து பார்க்கச் சம்பளமில்லாத விடுப்பு ஒரு மாதம் கேட்டார். மேலாளர் கொடுத்தார். "லீவு முடியற திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு நாற்காலி காலியா இருந்தா வேற ஆளைப் போட்டுடுவேன். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

நாத்தனாருக்கு இது தெரிந்தபோது வீட்டில் ஒரே சிரிப்பு. "நம்ம வீட்ல விரிக்க ஒரு பாய்தான் இருக்கு. அண்ணி ஊரார் வீட்டு கார்ப்பெட்டுக்கு வைத்தியம் பார்க்கக் கிளம்பிட்டாங்க."

"உங்க பாயையும் கொண்டு வாங்க, உறிஞ்சித் தரேன்" என்றார் ரசீதக்கா.

முதல் வேலை கீழ்த்தளத்து நர்ஸ் வீட்டில். முடித்ததும் அழுக்குத் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கிக் காட்டினார். பால் விடாத தேநீர் மாதிரி இருந்தது. வேலை நடந்ததற்கு அதைவிட வேறென்ன சாட்சி என்று நினைத்திருக்கிறார். நர்ஸின் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தினம் பெருக்கறோம். எங்க வீட்ல இவ்வளவு அழுக்குன்னு மாடி முழுக்கச் சொல்லாத தாயி."

அடுத்த இடம் பல் மருத்துவரின் காத்திருப்பு அறை. அங்கே தொட்டியை ஒரு துண்டால் மூடிவைத்தார். மருத்துவர் கம்பளத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஏதாவது பண்ணீங்களா? அப்படியேதானே இருக்கு?"

அழுக்கைக் காட்டினால் கோபம், மறைத்தால் சந்தேகம். இரண்டு நாள் குழம்பிவிட்டு ரசீதக்கா ஒரு முடிவுக்கு வந்தார்: தண்ணீரைக் காட்டக் கூடாது, வித்தியாசத்தைக் காட்ட வேண்டும். நல்ல வேலைக்காரர் என்று அவரைச் சொல்ல நான் தயங்குவேன். அக்கறை உள்ளவர், இரண்டும் ஒன்றல்ல.

மூன்றாவதாக வந்தது பெரிய வாய்ப்பு. நாற்பது அறைகள் கொண்ட விடுதி, எல்லா அறையிலும் கம்பளம்; அதன் நிர்வாகி கூப்பிட்டார். "முதல்ல எங்க அப்பா வீட்டுக் கூடத்தைப் பண்ணிக் கொடுங்கக்கா. நல்லா வந்தா எங்க ரூம் எல்லாம் உங்களுக்குத்தான்" என்றார் அந்தப் பெண். அது கிடைத்துவிட்டால் மூன்றாம் கவுண்ட்டருக்குத் திரும்ப வேண்டியதில்லை. விடுப்பு முடிய ஒரு வாரம் இருந்தது.

அந்த அப்பா, ஓய்வு பெற்ற நில அளவையாளர். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. இயந்திரத்தை ஏற்றிவிட்டு மூச்சு வாங்கி நின்றார் ரசீதக்கா. பிறகு டீப்பாயை நகர்த்தி, நடுக்கூடத்தில், பெரியவர் கண்ணெதிரே, ஒரு சதுரத்தை மட்டும் கழுவிக் காட்டினார். சாம்பல் நிறக் கம்பளத்தில் மயில்கழுத்துப் பச்சையாக அது எழுந்து வந்தது.

பெரியவர் செய்தித்தாளை மடித்தார். "இது என்னம்மா?"

"இதுதாங்க உங்க கார்ப்பெட்."

"என் கார்ப்பெட் சாம்பல். வாங்கினவன் நான்."

"அது மேல இருந்த அழுக்குங்க."

"இருபத்தாறு வருஷமா அழுக்கு மேல உட்கார்ந்தா பேப்பர் படிச்சேன்?"

ரசீதக்கா கைப்பிடியைக் கீழே வைத்தார். மகளுக்குப் போன் போனது. அவர் வந்து பார்த்துவிட்டு, "சாம்பல் இல்லப்பா, பிரவுன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். ஆல்பம் எடுத்தார்கள். ஒரே ஒரு படத்தில் கம்பளத்தின் ஓரம் தெரிந்தது. படமே வெளிறிச் சிவந்துபோய், அதில் எல்லோருடைய பாதங்களும் கம்பளமும் ஒரே நிறமாக இருந்தன.

பெரியவர் அளவு நாடாவைக் கொண்டுவந்து குனிந்து சதுரத்தை அளந்தார். "பக்கத்துக்கு ஒண்ணே கால் அடி. மிச்சத்தைத் தொடாதம்மா. முதல்ல இந்தக் கறையை எடு."

"கறை இல்லைங்க ஐயா, அதுதான் சுத்தம்."

"எனக்குக் கறையாத்தான் தெரியுது. எடு."

அழுக்கை எடுக்க ரசீதக்காவிடம் இயந்திரம் இருந்தது. சுத்தத்தை எடுக்க எதுவும் இல்லை. அன்றிரவு சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்ததாகக் கணவர் சொன்னார். முதல் படத்தின் அர்த்தம் அப்போதுதான் பிடிபட்டதாம்: சோதனையை மறைவில் செய்து பார்க்க வேண்டும், பிடிக்காவிட்டால் சோபாவை இழுத்து மூடிவிடலாம். "அந்தச் சாம்பல் கலரை நான்தான் அவர் வீட்டு டாய்லெட்டுல ஊத்தினேன்" என்றாராம்.

புதன்கிழமை எங்கள் படிக்கட்டுக்கு அடியிலிருந்து தூசியை ஒரு பையில் அள்ளிக்கொண்டிருந்தார். எதற்கென்று கேட்டேன். சொன்னார். வேடிக்கை என்று நினைத்தேன். உண்மையாகவே எடுத்துப் போய்ச் சதுரத்தின் மேல் தூவித் தேய்த்திருக்கிறார். பச்சை மங்கி மஞ்சளாய் ஒரு திட்டு வந்தது.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது எங்க வீட்டு அழுக்கு இல்ல."

ரசீதக்கா அதைத் திரும்ப உறிஞ்சி எடுத்தார். பச்சை முன்பைவிடப் பளிச்சென்று ஆனது.

சனிக்கிழமை மகள் போன் செய்தார். "விட்டுடுங்கக்கா. அப்பா பிடிச்ச பிடியை விடமாட்டார். எங்க ரூமை எல்லாம் வேற கம்பெனிக்குச் சொல்லியாச்சு. தப்பா எடுத்துக்காதீங்க." ரசீதக்கா யாரையும் குறை சொல்லவில்லை. மேலாளரைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமை வந்துடறேன் சார்" என்றார். நாத்தனார்கூட அன்றைக்குக் கேலி செய்யவில்லை. "போகட்டும் அண்ணி, உட்கார்ந்து பார்க்கற வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு மாலை பெரியவரே ரசீதக்காவைப் போனில் கூப்பிட்டார். கணவர் பக்கத்தில் இருந்ததால் அந்தப் பேச்சு எனக்கும் தெரியும். டீப்பாயை அந்தச் சதுரத்தின் மேல் நகர்த்தினாராம், மறுபடி எடுத்துவிட்டாராம். பார்க்கக் கூடாது என்று நினைத்தால் அங்கேதான் கண் போகிறதாம்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வா. அந்தச் சதுரத்துக்குக் கிழக்கால இன்னொண்ணு. அதே அளவு. ஒண்ணே ஒண்ணு."

"அப்புறம் மிச்சம்?"

"அதைச் சொல்ல முடியாது. ஒரு வாரம் பார்க்கணும்."

"நாளைக்கு எனக்கு ஆபீஸ் இருக்குங்க ஐயா."

"அப்ப சரி" என்று அவர் வைத்துவிட்டார்.

திங்கள் காலை எட்டரைக்கு நான் படியிறங்க வந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. வாசலில் அலுவலகப் பையும் இயந்திரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ரசீதக்கா பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார். முதல் திருப்பம் வரை போனவர் நின்றார். நான் வழிவிட்டு ஒதுங்கினேன். அவர் மேலே ஏறிப் பையைக் கீழே வைத்தார்.

ஏன் என்று கணவர் கேட்டிருக்கிறார், நாத்தனார் கேட்டிருக்கிறார், பிறகொரு நாள் நானும் கேட்டேன். இதுவரை யாருக்கும் அவர் காரணம் சொன்னதில்லை.

அன்று அவர் செய்தது இவ்வளவுதான். அலுவலகப் பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுத்தார், இயந்திரத்தின் மேல் வைத்துக் குழாயால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார், கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.