வாமெங் சொன்ன வழி

வாமெங் லோரின் கை முதல்முதலாக நடுங்கியது மலைப்பாதையின் ஒரு வளைவில். லாவோஸ் மலைநாட்டில் நோங்ஹெட்டிலிருந்து போன்சவானுக்குப் போகும் அவருடைய வண்டியில் முட்டைக்கோஸ் மூட்டைகளும் மனிதர்களும் நிறைந்திருந்தார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்த கை தன் பாட்டுக்கு ஆட, வண்டியை ஓரம் ஒதுக்கி நிறுத்தினார். பின்னாலிருந்தவர்கள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"என்னப்பா, நேத்து ஊத்தினது இன்னும் இறங்கலையா?" என்றார் ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். வாமெங்கும் சிரித்தார். கை நிற்கவில்லை.

அதன்பின் தினமும் வந்தது. மதியம் ஆனால் காய்ச்சல், நடுக்கம். சோறு இறங்காது. போன்சவான் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லி டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். வாமெங் அதை ஒழுங்காக விழுங்கினார். ஊரில் யாரும் ஆஸ்பத்திரிக்காக ஆவி வைத்தியத்தை விடுவதில்லை. மாத்திரை உடம்புக்கு. ஆனால் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் இருக்கவேண்டிய பல உயிர்களில் ஒன்று எங்காவது பயந்து ஒதுங்கி நின்றால், மாத்திரை அதைத் தேடிப் போகுமா? அதனால் மனைவி ஸுவா பக்கத்து ஊரிலிருந்து மீ ஷியோங்கை அழைத்துவந்தார்.

மீ ஆவி வைத்தியர். முகத்தைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, சடங்கில் குதிரையாக மாறும் ஒரு நீளப் பலகையில் ஏறி உட்கார்ந்து, மதியம்வரை மறு உலகத்தில் சவாரி செய்தார். இறங்கி வியர்வையைத் துடைத்தார். ஒரு கிண்ணம் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"உயிரெல்லாம் பத்திரமாத்தான் இருக்கு. உனக்கு வியாதி இல்ல தம்பி. ஆள் எடுக்கறாங்க."

"யாரு?"

"உங்க பெரியப்பா வெச்சிருந்த வைத்திய ஆவிங்க. அவர் போனதுலேர்ந்து வேலையில்லாம சுத்திட்டிருக்குங்க. உன்னைப் பிடிச்சுப்போச்சு."

"எனக்குப் பிடிக்கலையே அக்கா."

"உன்னை யாரு கேட்டா?"

ஆவிகளை ஏற்று வைத்தியராகிவிட்டால் நடுக்கம் போய்விடும். அதற்கு என்ன கொடுக்கவேண்டும் என்பதும் ஊருக்குத் தெரியும். ஆவி வைத்தியரின் முன்னால் ஒருவர் வந்து மண்டியிட்டு வணங்கிவிட்டால், வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. விதைப்பானாலும் அறுப்பானாலும் கிளம்பவேண்டும். பெரியப்பா சொந்த மகனின் கல்யாணப் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து போனவர். வாமெங்குக்கோ வண்டிதான் எல்லாம். ஊரே சரிவில் நெல்லோடும் சோளத்தோடும் கட்டுண்டு கிடக்க, நினைத்த காலையில் மலையை விட்டு இறங்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி ஆவிகளைக் கேட்டுப் பார்த்தார்கள். ஆவிகளின் பதிலை அறிய, பிளந்த எருமைக் கொம்பின் இரண்டு பாதிகளையும் மீ தரையில் வீசினார். கேட்டபடி விழவில்லை. மறுபடி வீசினார். மறுபடியும் அதே.

"இன்னொரு தடவை அக்கா."

"கொம்பு தேயற வரைக்கும் போடச் சொல்றியா?"

வாமெங் ஓடிவிட முடிவு செய்தார். வியந்தியானில் ஸுவாவின் அண்ணனுக்குச் சிமெண்டுக் கடை இருந்தது. மலையை விட்டு இறங்காத கிழட்டு ஆவிகளுக்குத் தலைநகருக்கு வழி எப்படித் தெரியும்?

"அதுங்களை ஏமாத்திடலாம்னு நெனைக்கறியா?" என்றார் ஸுவா.

"போலீஸையே ஏமாத்தி ரெண்டு வண்டி ஆளை ஒரே வண்டியில ஏத்தினவன்டி நான்."

வீட்டைவிட்டுத் தூரம் போகிறவர்கள் வாசலில் நின்று தங்கள் உயிர்களைக் கூப்பிட்டு அழைத்துக்கொண்டு போவது வழக்கம். ஒன்று பின்தங்கினாலும் போன இடத்தில் ஆள் படுத்துவிடுவார். ஏற்கெனவே நொந்த உடம்பு என்பதால் வாமெங் கூடுதல் கவனமாக இருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு உரக்கக் கூப்பிட்டார். உயிர்கள் வழி தவறக்கூடாதே என்று, ஓட்டுநரின் ஒழுங்கோடு பாதை முழுவதையும் சொன்னார்: எந்தச் சந்தையில் திரும்பவேண்டும், எந்தப் பாலத்தைத் தாண்டவேண்டும், நகரத்தில் எந்தப் பெட்ரோல் பங்குக்குப் பின்னால் கடை. திருப்தியோடு வண்டி ஏறினார்.

வியந்தியானில் இறங்கிய அன்றே கை ஆடியது. சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே போர்வைக்குள் சுருண்டபடி மீயைத் தொலைபேசியில் அழைத்தார்.

"கிளம்பும்போது கூப்பிட்டியா?" என்று கேட்டார் மீ.

"கூப்பிடாம வருவேனா? என் உயிருங்களுக்குத் திருப்பம் திருப்பமா வழி சொன்னேன்."

மீ சிரித்த சிரிப்பில் தொலைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"அட மடையா! உன் தோள்மேல உக்காந்திருந்ததுங்களுக்குக் காது இல்லையா? வழி தெரியாமத்தான் இருந்துச்சுங்க. பெட்ரோல் பங்கு வரைக்கும் நீயே சொல்லிக் குடுத்திருக்கே!"

"அப்போ யாருக்கும் சொல்லாம, சத்தமில்லாமத் திரும்பி வந்துடறேன்."

"வா. உன் உயிருங்க அங்கேயே நிக்கும். கூப்பிடாம அதுங்க எப்படி வரும்?"

கூப்பிட்டால் ஆவிகளும் சேர்ந்து வரும். கூப்பிடாவிட்டால் வாமெங்கே முழுசாக வரமாட்டார். கடைவாசலில் நின்று, அதே வழியைத் தலைகீழாகச் சொன்னார். வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஊர் திரும்பியதும் வீட்டுச் சுவரில் ஆவிகளுக்குப் பீடம் எழுந்தது. மீ வந்து சேகண்டியை வாமெங்கின் கையில் கொடுத்தார். பலகையில் ஏறியதும் உடம்பு முழுக்க ஆடியது. இறங்கியபோது கை கல்லாக நின்றது. பசி திரும்பியது. ஒரு கோழியில் பாதியை அவரே முடித்ததாக ஸுவா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கொஞ்ச நாள் யாரும் வரவில்லை. வாமெங் பழையபடி வண்டி ஓட்டினார். தப்பித்துவிட்டதாகக்கூட நினைத்திருக்கலாம்.

ஒருநாள் போன்சவானில் பெரிய சந்தை. விடிந்ததும் வண்டி நிறைந்துவிட்டது. எஞ்சினைப் போட்டபோது, தூபீ என்ற இளைஞன் மேட்டுப் பாதையிலிருந்து ஓடிவந்து வண்டிக்கு முன்னால் ஈரமண்ணில் மண்டியிட்டான். தலை தரையைத் தொட்டது.

"அண்ணே, குழந்தை பால் குடிக்க மாட்டேங்குது. நர்சம்மா மருந்து குடுத்தாங்க. ஆனா கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல. அதோட உயிர் உள்ள இல்லண்ணே."

"சாயங்காலம் திரும்பினதும் வந்துடறேனே..."

தூபீ இன்னொரு முறை வணங்கினான்.

வாமெங் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அழுகிப்போகக்கூடிய சரக்கு, தவறிப்போகும் சந்தை. யாராவது ஒருவர் கத்தமாட்டாரா, 'எங்க பொழப்பு என்னாகறது' என்று சண்டைக்கு வரமாட்டாரா? அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனால் அவர்கள் ஏற்கெனவே மூட்டைகளின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கூடையை இறக்கிவிட்டு ஜன்னல் பக்கம் வந்தார்.

"போ தம்பி. கோஸ் எங்க ஓடிடப் போகுது? பன்னி திங்கட்டும்."

எஞ்சினை அணைத்தார். தூபீயைத் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டு, சேகண்டியை எடுக்க வீட்டுக்குள்ளே போனார். தூபீயின் வீடு மேட்டுக்கு மேலே இருந்தது. அங்கே வண்டி ஏறாது.